முதுகு காட்டாத தண்டலுக்கு

என் ஆசை அப்பாவுக்கு,

சுகமா இருக்கீங்களா என்று எழுதத்தான் கை வருகிறது. செத்துப்போன மனிதரிடம் சுகம் கேட்பது கிறுக்குத்தனம், தெரியும். ஆனால் உயிரோடு கிடந்த கடைசி மாதங்களிலும் நான் கேட்டது எதற்கும் நீங்கள் பதில் சொன்னதில்லை. இப்போதும் சொல்லப் போவதில்லை. அதனால் கூசாமல் கேட்டுவிட்டேன்.

இன்றைக்கு உங்கள் முதலாளியைப் புரட்டிப் படுக்கவைத்துவிட்டு வந்தேன் அப்பா. ஆமாம், அவரேதான். ஆயுசு முழுக்க யாருடைய தோணியைக் கொழும்புக்கு ஓட்டினீர்களோ அவர். பக்கவாதம் வந்து விழுந்துவிட்டார். வீட்டுக்குக் கார் அனுப்பி என்னைக் கூட்டிப் போனார்கள். அங்கே நடந்ததைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஆனால் அதற்கு முன்னால் நம் இரண்டு பேருக்கும் இடையில் ஒரு வழக்கு பாக்கி இருக்கிறது. ஊர் ஒட்டுக்கேட்டால் கேட்கட்டும். நம் வீட்டுச் சங்கதி எது ஊருக்குத் தெரியாமல் இருந்தது?

நான் நர்ஸ் படிப்புக்குப் போன அன்று நீங்கள் வாசலில் நின்று சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "ஊரான் குண்டி கழுவப் போறவள எவன்ளா கெட்டுவான்?" சொன்னபடியே ஆயிற்று. எவனும் கட்டவில்லை. உங்கள் வாயிலிருந்து வந்த சாபம் ஒன்றுகூடப் பலிக்காமல் போனதில்லை அப்பா. ஆசீர்வாதம்தான் எப்போதாவது வாயில் வரும், அதையும் சவேரி அண்ணனுக்கே கொடுத்துவிடுவீர்கள். அவன் உங்களுக்குப் பின்னால் தோணியை நடத்தும் தண்டல் ஆகவேண்டியவன். நான் ஆஸ்பத்திரியில் யாரையோ துடைத்துக்கொண்டிருக்கிறவள்.

விழுந்ததும் உங்கள் பாணியில்தான் விழுந்தீர்கள். புதுத் துறைமுகத்துக்குக் கடலில் பாறை கொட்டிக்கொண்டிருந்த காலம். மராமத்துக்குக் கரையேற்றிய தோணிக்கு அடியில் நின்று ஆசாரியைத் திட்டிக்கொண்டிருந்தவர், திட்டு முடிவதற்குள் வாய் கோணிச் சரிந்துவிட்டீர்கள். இடது கையும் இடது காலும் போய்விட்டன. நாக்கு மட்டும் தப்பியது. அதைக் கேட்டதும் நான் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன், பிறகு பட்டேன்.

ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு, வீட்டிலேயே நர்ஸ் இருக்கிறாளே என்று அனுப்பிவிட்டார்கள். டாக்டர் உங்கள் முன்னாலேயே சொன்னார். கையையும் காலையும் அசைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் படுக்கவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக உட்கார்த்திப் பழக்கினால் கம்பு ஊன்றியாவது நடந்துவிடுவார் என்றார். போட்டது போட்டபடி விட்டால் முதுகில் புண் வரும், புண்ணின் விஷம் ரத்தத்தில் ஏறும், ஆள் தங்கமாட்டார் என்றும் சொன்னார். இரண்டே வழிதான். எதில் போவது என்று சவேரி அண்ணனைக் கேட்டால், அப்பா சொல்லுத மாதிரி செய்வோம் என்றான்.

அப்பா என்ன சொன்னார்? மல்லாக்கத்தான் படுப்பேன் என்றார்.

முன்னறையில் கட்டில் போட்டோம். ஒரு பக்கச் சுவரில் மாதா சுரூபம் வைத்த பீடம். எதிர்ச் சுவர் ஓரமாக, பார்க்க வருகிறவர்கள் உட்காரும் நீளப் பெஞ்சு. இந்தப் பக்கம் புரட்டினால் மாதாவுக்கு முதுகு. அந்தப் பக்கம் புரட்டினால் வந்தவர்களுக்கு முதுகு. இரண்டு பேருக்கும் முதுகு காட்டமாட்டேன் என்று விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தீர்கள். வேறு வீட்டில் என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

எனக்கு ஆச்சரியமாகவும் இல்லை. மாதா கோயிலில் பீடத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, திரும்பாமல், பின்னாலேயே நடந்து வாசல் வரைக்கும் வருகிற ஆள் நீங்கள். முதலாளி வீட்டு முற்றத்திலும் அதே நடைதான். அங்கே கழற்றிப் போட்டிருக்கும் செருப்புகளை மிதித்து நீங்கள் தடுமாறுவதைச் சின்ன வயதில் பார்த்துச் சிரித்து, அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். கும்பிடுகிற சாமிக்கும் கும்பிடுகிற மனுஷனுக்கும் முதுகு காட்டப்பிடாது என்பது உங்கள் சட்டம். காலும் கையும் விழுந்த பிறகும் அந்தச் சட்டம் விழவில்லை.

சுரூபத்தைத் தூக்கிப் பெஞ்சுப் பக்கமே வைக்கிறேன், மாதாவும் ஜனமும் ஒரே பக்கம் இருக்கட்டும் என்றேன். ஜனங்கள் காலடியிலா மாதாவை வைப்பாய் என்று வலது கையால் கட்டில் சட்டத்தில் ஓங்கி அடித்தீர்கள். பெஞ்சைத் தூக்கி வெளியே போட்டுவிடுகிறேன் என்றேன். வீட்டுக்கு வந்தவனை வெளியே உட்காரவைக்க நான் என்ன தொழுநோயாளியா என்றீர்கள். உங்களுக்குப் புரிகிற பாஷையில் பேசலாம் என்று, சரக்கை ஒரே பக்கமா அடுக்கினா தோணி என்னப்பா ஆகும் என்று கேட்டேன். சரக்கு வாய் பேசாது, தண்டல் பேசுவான், போளா என்று அனுப்பிவிட்டீர்கள்.

நாற்காலியில் தூக்கி உட்கார்த்துவதற்கு முதல் நாளே சவேரி அண்ணனுக்கும் அவன் பெண்டாட்டி மைனிக்கும் முறை சொல்லிக் கொடுத்தேன். காலை அகட்டி வை. முட்டியை மடக்கு, இடுப்பை வளைக்காதே. ஆளை உன் உடம்போடு சேர்த்துப் பிடி. தூக்கிவிட்டு இடுப்பைத் திருகாதே, காலை மாற்றி வைத்து முழு உடம்போடு திரும்பு. எல்லாவற்றுக்கும் மேலே, செத்த கையைப் பிடித்து இழுக்காதே. மூட்டை தூக்குதவங்களுக்கே தூக்கச் சொல்லித் தாரியாளா என்று அண்ணன் சிரித்தான். அப்புறம் என்ன செய்தான்? அந்தச் செத்த கையைத்தான் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தான். தோள் எலும்பு குழியை விட்டு நழுவியது. அவனுக்கும் அன்றைக்கே இடுப்பு பிடித்துக்கொண்டது. நீங்கள் அலறின அலறலில் தெருவே கூடிவிட்டது. வந்தவர்கள் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள், நர்ஸ் நான்தானே.

பாய் விரிக்க ஒரே தாளமாகக் கயிறு இழுக்கத் தெரிந்த பயல்கள், பெற்ற அப்பனைத் தூக்கும்போது மட்டும் ஆளுக்கொரு பக்கம் இழுப்பான்கள். அது என்ன கூத்தோ.

பிறகு நான் உங்கள் பழைய தோணிப் பாயில் ஒரு துண்டு வெட்டி, துவைத்துத் துவைத்து மெதுவாக்கி, உங்கள் முதுகுக்கும் தொடைக்கும் அடியில் விரித்தேன். ஆளை இழுக்காமல் அந்தத் துணியை இரண்டு பேர் பிடித்துத் தூக்கினால் தோல் உரசாது, தூக்குகிறவர் இடுப்பும் தப்பும். மைனிக்கு அது ஒரே நாளில் பிடிபட்டுவிட்டது. நீங்கள்தான் துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, எந்தத் தோணியின் பாய் என்று கண்டுபிடித்து, காற்றைப் பிடித்த பாயைக் கொண்டுவந்து என் குண்டிக்கடியில் போட்டுவிட்டாளே என்று பெஞ்சில் இருந்தவர்களிடம் முறையிட்டீர்கள். அவர்களும் நாக்கைச் சப்புக்கொட்டினார்கள்.

அந்தப் பெஞ்சு! விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும் வரை ஆள் ஒழியாது. தோணிக்காரர்கள், வலைக்காரர்கள், திருச்செந்தூருக்குப் போகிற வழியில் இறங்கிப் பார்த்துவிட்டுப் போகிற கடைக்கார அண்ணாச்சிமார், மணப்பாட்டுச் சொந்தம். ஆனை படுத்தாலும் குதிரை மட்டம்பாங்க, தண்டல் ராசா மாதிரியில்லா கெடக்காரு என்பார்கள். நீங்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கிடப்பீர்கள். நான் புரட்ட வருவேன். ஆள் இருக்காங்கல்லா, அப்புறம் என்பீர்கள். அந்த அப்புறம் வரவே வராது. மைனியோ பாசத்தில் இலவம்பஞ்சுத் தலையணையாகத் தேடித் தேடி முட்டிக்கு அடியில் செருகிவிடுவாள். எடு மைனி, கால் அப்படியே மடங்கிப்போகும் என்றால், ஒனக்கு ஈவு இரக்கமே கெடையாதாளா என்பாள்.

எல்லோருக்கும் உங்கள்மேல் பாசம். எல்லோருக்கும் மரியாதை. ஒருத்தனாவது உங்களைக் கொஞ்சம் கொடுமைப்படுத்தியிருந்தால் பிழைத்திருப்பீர்கள்.

முதலில் வால் எலும்புக்கு மேலே ஒரு சிவப்பு. விரலால் அழுத்தினால் வெளுக்கவில்லை.  அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன், சூடு என்றான். பிறகு தோல் கொப்பளித்தது, உடைந்தது, கறுத்தது, குழிந்தது. உங்களுக்கு அங்கே உணர்ச்சி மந்தம், பார்க்கவும் முடியாது. நான் சொன்னால் நம்பவில்லை. நர்சுக்குப் படிச்சவ பெருசாத்தான் சொல்லுவா என்றீர்கள். வாசனை வர ஆரம்பித்ததும் மைனி சாம்பிராணி போட்டாள். காலையிலும் சாம்பிராணி, மாலையிலும் சாம்பிராணி. வந்தவர்கள், வீடே கோயிலாட்டம் மணக்கு என்று சொல்லிச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். புகைக்கு அடியில் நீங்கள் அழுகிக்கொண்டிருந்தீர்கள் அப்பா.

ஆட்களை வரவேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். வாரவங்கள வராதீங்கன்னு சொல்ல நீ யாருளா என்று அண்ணன் கையை ஓங்கிக்கொண்டு வந்தான். பங்குச்சாமியிடம் போய், நீங்களாவது அப்பாவுக்குச் சொல்லுங்கள் என்று கேட்டேன். அவரும் வந்தார், பெஞ்சில் உட்கார்ந்தார், நீங்கள் மல்லாக்கவே ஸ்தோத்திரம் சொன்னீர்கள். செபித்துவிட்டுப் போய்விட்டார். ராத்திரியில் மட்டும் புரட்டினால் போதாது. பகலில் நீங்கள் ராசாவாகக் கிடக்கிற நேரமெல்லாம் புண் தோண்டிக்கொண்டே போனது. காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, புண் எலும்பைத் தொட்டுவிட்டால் பிறகு நான் வந்து பயனில்லை என்றார்.

அன்றைக்கு சாயங்காலம் முதலாளி வந்தார். வழக்கம்போல் சுருட்டோடு, பெஞ்சுக்கு நடுவில். இரண்டு பக்கமும் தோணிக்காரர்கள் நின்றார்கள். அவர் முன்னால் உட்கார மாட்டார்களே. நீங்கள் அவரிடம், ஒண்ணும் இல்ல முதலாளி, அடுத்த ஓட்டத்துக்குத் தோணியில ஏறிருவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். நம்பித்தான் சொன்னீர்கள். கட்டுப் போடும் தட்டோடு உள்ளே வந்த எனக்கு அதுதான் தாங்கவில்லை.

புரளணும்ப்பா என்றேன். அப்புறம் என்றீர்கள். தட்டைக் கீழே வைத்தேன். மாதா பக்கமாகப் போய் நின்று, ஒரு காலை முன்னால் வைத்து, முட்டியை மடக்கி, ஒரு கையை உங்கள் தோளிலும் ஒரு கையை இடுப்பிலும் கொடுத்து, என் உடம்பை அப்படியே பின்னுக்குச் சாய்த்தேன். அவ்வளவு பெரிய ஆள், என்னை நோக்கி உருண்டு வந்துவிட்டீர்கள். முறை தெரிந்தால் பலம் வேண்டியதில்லை. உங்கள் முகம் மாதாவுக்கு, முதுகு முதலாளிக்கு. இடுப்புச் சாரத்தை அவிழ்த்தேன். கட்டைப் பிரித்தேன்.

"நல்லாப் பாத்துக்கங்க முதலாளி," என்றேன். "ஒங்களுக்கு முதுகு காட்டப்பிடாதுன்னு மல்லாக்கக் கெடந்தே வாங்கின புண்ணு இது."

சாம்பிராணி ஒன்றும் செய்யவில்லை. முதலாளி துவாலையை மூக்கில் வைத்துக்கொண்டு எழுந்தார். நின்றவர்களில் ஒருத்தன் வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தான். கொஞ்ச நேரத்தில் பெஞ்சில் ஒரு குஞ்சு இல்லை. அண்ணன் என் கொண்டையைப் பிடித்துச் சுவரில் மோதினான்.  முகத்தை மாதாவைப் பார்க்க வைத்துக்கொண்டு, நீங்கள் மெதுவாக ஒன்று சொன்னீர்கள்.

"என்னக் கொன்னுபோட்டிருந்தாக்கூடத் தேவலாம்ளா."

அதுதான் நீங்கள் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போதும் கேட்கப் போவதில்லை. தண்ணிக் குழாயடியில் இன்றைக்கும் என்னை, பெத்த அப்பன அம்மணமாக்கினவ என்றுதான் சொல்லுகிறார்கள். சொல்லட்டும். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. உங்கள் மானத்தை நான்தான் கொன்றேன், உங்களை அல்ல. அது இரண்டும் வேறு வேறு என்று நான் நினைத்தேன். அதில்தான் நீங்கள் என்னை ஏமாற்றிவிட்டீர்கள்.

அதற்குப் பிறகு பெஞ்சுக்கு யாரும் வரவில்லை. வெட்கமோ அருவருப்போ, ஒருத்தன் எட்டிப் பார்க்கவில்லை. அண்ணன் தோணியில் ஏறிப் போய்விட்டான். வீட்டில் நீங்கள், நான், மைனி. நீங்கள் என்னோடு பேசாதது மட்டும் இல்லை, என் முகத்தையே பார்க்கமாட்டேன் என்று வைராக்கியம் பிடித்தீர்கள். ஆஸ்பத்திரி முறை முடிந்து வந்து நான் நாற்காலியைக் கட்டிலுக்கு ஒரு பக்கம் போட்டு உட்கார்ந்தால், உடனே மைனியைக் கூப்பிடுவீர்கள். என்ன அந்தாக்குல திருப்பிப் போடுளா, எவ மூஞ்சியையும் நான் பாக்கணுமா என்பீர்கள். மைனி பாய்த்துணியைப் பிடித்துத் திருப்பிப் போடுவாள். நான் வாய் திறக்காமல் மறுமுனையைப் பிடிப்பேன். என் நாற்காலி பீடத்துப் பக்கம் கிடந்தால் மாதாவுக்கும் முதுகாகும் என்பதுகூட அந்தக் கோபத்தில் உங்களுக்குத் தோன்றவில்லை.

உலகத்தில் எந்த மனுஷனுக்கும் முதுகு காட்டாத தண்டல், எனக்கு மட்டும் காட்டினார்.

இரண்டொரு நாளில் எனக்கு விளங்கிவிட்டது. இரண்டு மணி நேரம் இந்தப் பக்கம் உட்காருவேன். பிறகு எழுந்து நாற்காலியைத் தூக்கி அந்தப் பக்கம் போடுவேன். உடனே உங்களுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏளா, இங்கன வா, திருப்பிப் போடு என்று மைனியைக் கூப்பிடுவீர்கள். நான் ஒரு வார்த்தை கெஞ்சவில்லை. டாக்டர் சொல்லிக் கேட்காததை, பங்குச்சாமி செபித்து நடக்காததை, என்மேல் உங்களுக்கு இருந்த வெறுப்பு வேளை தவறாமல் செய்தது. நான் ஆஸ்பத்திரிக்குப் போகிற நேரத்துக்கு மைனி என் சேலையை நாற்காலி முதுகில் போட்டுவைப்பாள். அதற்கும் புரண்டீர்கள். முட்டிக்கு நடுவில் நான் தலையணை வைத்தாலும், குதிகால் படுக்கையில் படாமல் துணி சுருட்டி வைத்தாலும், கண்ணை இறுக மூடிக்கொண்டு கிடப்பீர்கள். கறுப்பு உதிர்ந்தது. சிவப்பாக அடியிலிருந்து சதை ஏறியது. ஓரம் மூடிக்கொண்டே வந்தது.

உங்கள் வெறுப்பைப் பார்த்துப் பார்த்து அழுதிருக்கிறேன். அழுதுகொண்டே நாற்காலியை மாற்றிப் போட்டிருக்கிறேன்.

புண் ஆறியது. ஆனால் நீங்கள் எழுந்திருக்கவில்லை. உட்காரவைக்கப் போனால் உடம்பைக் கட்டையாக்கிக்கொள்வீர்கள். கஞ்சியைத் துப்புவீர்கள். நடந்து எங்க போக, எவன் மூஞ்சில முழிக்க என்று மைனியிடம் கேட்டீர்களாம். ஆளைப் புரட்டலாம், ஆசையைப் புரட்ட எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மழைக்காலத்தில் சளி கட்டியது. நெஞ்சில் இறங்கியது.

கடைசிக்கு முந்தின நாள் நான் ஆஸ்பத்திரியிலிருந்து வரத் தாமதமாகிவிட்டது. வந்ததும் உங்களுக்குக் கஞ்சி வைக்க அடுப்படிக்குப் போய்விட்டேன். அங்கிருந்து கேட்டது. மூச்சு இழுக்க இழுக்க நீங்கள் மைனியிடம் கேட்டீர்கள்.

"அவ நாற்காலி ஏன் இன்னும் இந்தப் பக்கமே கெடக்கு? மாத்திப் போட நேரமாச்சே."

கையில் கரண்டியோடு அப்படியே நின்றேன் அப்பா. என் நாற்காலித் தந்திரம் தெரியுமா உங்களுக்கு? எப்போதிலிருந்து தெரியும்? தெரிந்துகொண்டேதான் மூஞ்சியைத் திருப்பினீர்களா? இல்லை, என்னைப் பார்க்காமல் திரும்புகிற வேளை உங்களுக்கும் பழகிப்போய்விட்டதா? உள்ளே வந்து நாற்காலியை மாற்றிப் போட்டேன். நீங்கள் மறுபக்கம் திரும்பிக்கொண்டீர்கள். மறுநாள் விடிந்ததும் பங்குச்சாமி வந்து அவஸ்தை எண்ணெய் பூசினார், மத்தியானம் போய்விட்டீர்கள்.

உங்களைக் குளிப்பாட்டினது நான்தான். ஆம்பளைகள் செய்யட்டும் என்றார்கள், கதவைச் சாத்திவிட்டேன். கடைசியாக ஒரு தடவை, அவசரம் இல்லாமல், முறைப்படி புரட்டினேன். முதுகு சுத்தமாக இருந்தது. புண் இருந்த இடத்தில் பச்சைப்பிள்ளைத் தோல் மாதிரி ரோஜா நிறத்தில் ஒரு தழும்பு. ஊர் எல்லாம் வாந்தி எடுத்த முதுகு அது. ஆறின முதுகைப் பார்க்க ஒருத்தனும் இல்லை. கூப்பிட்டுக் காட்டவேண்டும் போல் இருந்தது. பெட்டியில் மல்லாக்க வைத்து மூடிவிட்டார்கள். அதற்கு முன்னால் அந்தப் பாய்த்துண்டை உங்கள் அடியில் விரித்துவிட்டேன்.

வராமல் இருந்த அத்தனை பேரும் வந்தார்கள். அதே பெஞ்சில் அதே ஆட்கள். முதலாளி பெரிய மாலை கொண்டுவந்தார். தண்டல் முகத்துல என்ன களை என்று சொன்னார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

கல்லறையில் நம் குடும்பத்துக் குழியைத் திறந்தபோது அம்மாவின் எலும்புகளைப் பொறுக்கி, ஒரு வெள்ளைத் துணியில் கூட்டி, குழியின் ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்தார்கள். நம் ஊர் வழக்கம் அதுதானே, வருகிறவருக்கு இருக்கிறவர் இடம் விடவேண்டும். அம்மா எப்போதும் போல ஒதுங்கிக்கொண்டாள். நீங்கள் நடுவில் மல்லாக்கப் படுத்தீர்கள்.

இனி இன்றைக்கு நடந்தது. புதுத் துறைமுகத்தில் இப்போது கப்பலே சுவரை ஒட்டி வந்து நிற்கிறது அப்பா, கிரேன் சரக்கைத் தூக்குகிறது. முதலாளிக்குத் தோணி குறைந்து லாரி பெருகிவிட்டது. நடு அறையில் பெரிய தேக்குக் கட்டிலில் கிடக்கிறார், உங்களுக்குப் போன அதே இடது பக்கம். சுற்றிலும் ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். இடுப்பில் வாரைக் கட்டிக்கொண்டு சவேரி அண்ணனும் நிற்கிறான். அன்றைக்கு உங்களை இழுத்த இடுப்பு, இன்னும் சரியாகவில்லை.

முதலாளி, புரளணும் என்றேன்.  நீங்கள் பட்டது எல்லாம் இவரும் படுவார், ஆட்களை வெளியே போகச் சொல்லுவார், கெஞ்சுவார் என்று நினைத்தேன். நான் எதிர்பார்த்தேன் என்றே சொல்கிறேன். அவர் ம் என்றார். அவ்வளவுதான். முட்டியை மடக்கி, தோளிலும் இடுப்பிலும் கைவைத்துப் புரட்டினேன். நின்ற அத்தனை பேருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துச் சுகமாகப் படுத்துக்கொண்டார்.  அவருக்கு அது ஒரு விஷயமாகவே தோன்றவில்லை அப்பா. முதுகு காட்டினால் அவமரியாதை என்பது அவர் வீட்டுச் சட்டமே இல்லை. அது கீழே நிற்கிறவர்களுக்கு மட்டும்.

சுவரைப் பார்த்தபடியே என்னிடம் பேசினார்.

"ஒங்க அப்பன் மானஸ்தன்ளா. கடைசி வரைக்கும் எனக்கு முதுகு காட்டல."

மறந்துவிட்டார். நான் சாரத்தை அவிழ்த்துக் காட்டியதை, துவாலையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனதை, எல்லாவற்றையும் சுத்தமாக மறந்துவிட்டார். எதை அவர் பார்த்துவிட்டார் என்று நீங்கள் உயிரை விட்டீர்களோ, எதைக் காட்டினேன் என்று நான் ஊரில் தலை குனிகிறேனோ, அது அவர் நினைவில் ஒரு தூசிக்கும் இல்லை. அண்ணன் தரையைப் பார்த்தான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? முட்டிக்கு நடுவில் தலையணை வைத்தேன். செத்த கைக்குத் தாங்கல் கொடுத்தேன். குதிகாலைத் தூக்கி வைத்தேன். இரண்டு மணி நேரம் கழித்து அந்தப் பக்கம் திருப்புங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். என் தொழிலில் நான் வஞ்சம் வைக்கமாட்டேன். இவர் பிழைத்துக்கொள்வார் அப்பா. கம்பு ஊன்றி நடப்பார். புண் வராது, மானமும் போகாது. உங்களுக்குத்தான் இரண்டில் ஒன்று என்று ஆகிவிட்டது.

வீட்டுக்கு வராமல் நேரே கல்லறைக்குத்தான் போனேன். மெழுகுதிரி ஏற்றிவிட்டு, குழிமேல் கையை வைத்துச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன், வாக்காக வைத்துக்கொள்ளுங்கள். கட்டிக்கொடுத்த மகளுக்குப் புருஷன் வீட்டுக் குழி. எனக்கு உங்கள் குழியை விட்டால் வேறு கிடையாது. நான் வருகிற அன்றைக்கு உங்கள் எலும்பையும் கூட்டி ஒரு பக்கமாக ஒதுக்கித்தான் எனக்கு இடம் போடுவார்கள். தண்டல் என்று பார்க்கமாட்டார்கள். அன்றைக்கு நீங்கள் புரண்டே ஆகவேண்டும். என் மூஞ்சியைப் பார்க்கவேண்டாம், அந்தப் பக்கமாகவே திரும்பிக்கொள்ளுங்கள். நான் வந்து படுத்ததும் முதலில் பார்ப்பது அந்தத் தழும்பு இருந்த இடத்தைத்தான். அதுவரைக்கும் மல்லாக்கவே கிடங்கள். மண்ணுக்கடியில் புண் வராது.

இப்படிக்கு,
நீங்கள் இந்த உலகத்தில் முதுகு காட்டிய ஒரே ஆள்,
உங்கள் மகள் பிலோமி